ரேடியோ அக்காவுக்கு இரண்டு குரல்

ரேடியோ அக்காவுக்கு இரண்டு குரல் உண்டு. ஒன்று ஊருக்கு, இன்னொன்று வீட்டுக்கு. ஊருக்கான குரலை மட்டும் கேட்டவர்கள், அந்த வீட்டில் சண்டை சச்சரவே இல்லாத குடித்தனம் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு மட்டும் உண்மை தெரியும். சொன்னால் யார் நம்பப்போகிறார்கள் என்று அவர்களும் பாவம் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஊர்க்குரல் முதலில் வேலை பார்த்தது தொலைபேசி நிலையத்தில். யாராவது ஒரு எண் கேட்டால், அதைப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. அவ்வளவு சாதாரண விஷயத்தை அவள் சொல்லும்போது, கேட்டவர்கள் எண்ணைக் குறித்துக்கொள்ள மறந்துபோய் இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடி செய்து விற்கும் ஒருவர் ஒருபடி மேலே போய், லென்ஸ் மொத்த வியாபாரியின் எண்ணை மாதக்கணக்கில் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

“ஏன் சார், இதை ஒரு சுவத்துலயாவது எழுதி வெச்சுக்கக் கூடாதா? தினம் என் உயிரை வாங்கறீங்க!” என்று வள்ளென்று விழுந்தாள்.

அந்த வாரமே கண்ணாடிக்காரர் பெண் கேட்டு வந்துவிட்டார். குரலில் மயங்கிக் கட்டிக்கொண்டார் என்று ஊரில் சொல்வார்கள். அவர் ஒப்புக்கொள்ளமாட்டார். “அந்தக் குரல் எல்லாருக்கும் கெடைச்சுது. திட்டு எனக்கு மட்டுந்தான் கெடைச்சுது” என்பார். சின்ன வயதிலேயே ஒரு கால் சூம்பிப்போனவர் அவர். நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் வலது பக்கம் சாய்ந்து நிமிர்வார். அந்தச் சாய்வை வைத்து எவ்வளவு தூரத்திலும் அவரை அடையாளம் சொல்லிவிடலாம்.

தொலைபேசி நிலையத்தில் ஆள் வேண்டாம் என்றானபோது அக்கா உள்ளூர் வானொலிக்கு வந்தாள். ஆற்றின் தாழ்வான கரையில், ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இரண்டே அறைகள். ஒலிப்பதிவு அறையின் சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். மைக்கைத் திறந்தால் மின்விசிறியை நிறுத்தவேண்டும், அதன் சத்தம் உள்ளே போய்விடும். அதனால் ஊருக்கு எவ்வளவு குளிர்ச்சியான செய்தி போனாலும், அதை வாசிப்பவள் வியர்வையில் நனைந்துகொண்டுதான் வாசிப்பாள்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. யாரும் எழுதி வைத்த விதி அல்ல, தானாகவே ஏற்பட்டது. விளையாட்டுச் செய்தி, பரிசளிப்பு விழா, விலை குறைந்தது போன்ற நல்ல சமாச்சாரங்களை எல்லாம் இடிக்குரல் மாமா படிப்பார். அவர் படித்தால் மேசையில் இருக்கும் தண்ணீர் டம்ளர் அதிரும். கெட்ட செய்தி வந்தால் அவர் காகிதத்தை நெருப்பைத் தொட்டதுபோல அக்காவின் பக்கம் தள்ளிவிடுவார். “நீயே படிச்சிடும்மா. நான் படிச்சா ஊரே செத்துடும்” என்பார். படகு கவிழ்ந்தது, ஆலை மூடப்பட்டது, பெரிய மனிதர் ஒருவர் காலமானார், எல்லாமே அக்காவின் வாயால்தான் வெளியே வந்தன. அவளும் தூங்கும் பிள்ளையைத் தாய் எழுப்புகிற மாதிரி அவ்வளவு பக்குவமாகச் சொல்வாள். அதற்காகவே அவளுக்கு மேடையில் சால்வை போட்டுப் பாராட்டியிருக்கிறார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான். ஏன் இருக்கக்கூடாது?

ஆனால் ஊர் இன்னொன்றையும் கற்றுக்கொண்டுவிட்டது. அக்கா தன் வழக்கமான நேரத்தில் வந்தால் சரி. நேரம் தவறி வந்தால், அதுவும் குரலை இறக்கிக்கொண்டு வந்தால், எங்கோ யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. அக்காவுக்கும் தெரியாது.

அன்று மத்தியானம் நீர்த்தேக்க அலுவலகத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. மேலே அணையில் புதிதாக ஓர் அபாயச் சங்கு பொருத்தியிருக்கிறார்கள், நாளைக் காலை அதை ஊதிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான் விஷயம். இடிக்குரல் மாமா படித்திருந்தால் ஊர் கொட்டாவி விட்டுக் கேட்டிருக்கும். நிலையத்தின் மேலாளர் நல்ல மனிதர். தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர். அவர் அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அணைன்னு வருது, அபாயம்னு வருது. ஜனங்க பயந்துடக் கூடாதும்மா. நீங்களே படிங்க. நல்லா மெதுவா, இதமா.”

ஓடிக்கொண்டிருந்த பாட்டைப் பாதியில் நிறுத்தினார்கள். மின்விசிறி நின்றது. அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, குரலை எவ்வளவு இதமாக்க முடியுமோ அவ்வளவு இதமாக்கி வாசித்தாள்.

“பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. நாளை காலை, நீர்த்தேக்கத்தில் புதிதாக அமைக்கப்பட்டுள்ள அபாயச் சங்கு சோதனைக்காக ஒலிக்கப்படும். இது சோதனை மட்டுமே. யாரும் பதற்றமடைய வேண்டாம்.”

வானொலி அந்த ஊரில் வீடுகளில் மட்டும் கேட்பதில்லை. சந்தையிலும் பேருந்து நிற்கும் இடத்திலும் பாலத்தின் இரண்டு முனைகளிலும் நகராட்சி கூம்பு ஸ்பீக்கர்களைக் கட்டிவைத்திருந்தது. பாதிப் பாட்டு அறுந்து அக்காவின் குரல் வந்ததும் முடிதிருத்தும் கடையில் கத்தரி நின்றது. அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்பது பிற்பாடு ஊர் முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்த கதை.

“பாட்டை நிறுத்திட்டு அக்கா வந்திருக்காங்களே?”

“சோதனைன்னுதானப்பா சொல்றாங்க.”

“எடுத்த எடுப்புலயே உடைஞ்சுடுச்சுன்னு சொல்வாங்களா? நம்மளைக் கொஞ்சம் கொஞ்சமா தயார் பண்றாங்க.”

பாதி முடி வெட்டிய தலையோடு ஒருவர் எழுந்து வீட்டுக்குப் போனார். அவர் போனதைப் பார்த்து எதிர்க்கடைக்காரர் ஷட்டரை இறக்கினார். ஷட்டர் இறங்குவதைப் பார்த்த பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள், பிள்ளைகளைக் கூட்டி வர.

வானொலி நிலையத்துத் தொலைபேசி மணி அடித்தது. எடுத்தவள் அக்கா.

“அக்கா, உண்மையைச் சொல்லுங்க. இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?” என்றாள் ஒரு பெண்.

“ஐயோ, ஒண்ணுமே இல்லம்மா. வெறும் சோதனைதான். நீங்க நிம்மதியா இருங்க” என்றாள் அக்கா, வழக்கமான கனிவோடு.

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. “புரிஞ்சுதுக்கா. நீங்களும் பத்திரமா இருங்க” என்று அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

மேலாளர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். மூட்டை முடிச்சுகளோடு ஆட்கள் பாலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் மேடு, கடைத்தெருவும் அங்கேதான். அவர் உடனே தன் நாடியைப் பிடித்துக்கொண்டார்.

“பயந்துட்டாங்க போலிருக்கேம்மா! இன்னொரு தடவை படிங்க. இன்னும் கொஞ்சம் மெதுவா.”

அக்கா படித்தாள். தெருவில் நடந்துகொண்டிருந்தவர்கள் வேகமாக நடந்தார்கள். மேலாளர் இன்னும் மெதுவாகப் படிக்கச் சொன்னார். மூன்றாம் முறை அவள் குரல் காதோடு சொல்வதுபோல ஆகிவிட்டது. அதைக் கேட்டதும் நடந்தவர்கள் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடத் தொடங்கினார்கள்.

இதற்குள் எங்கிருந்தோ ஒரு தொலைக்காட்சி வண்டி வந்து பாலத்தின் அந்த முனையில் நின்றது. மேலாளர் அறையில் இருந்த டிவியில் அவர்கள் தெருவே தெரிந்தது. கீழே சிவப்பு எழுத்தில் ‘அணை உடைந்ததா?’ என்று ஓடியது. கேள்விக்குறி ஒன்றைப் போட்டுவிட்டால் பொய் சொன்ன பாவம் வராது என்பது அவர்கள் எண்ணம். மைக்கைப் பிடித்த பெண் ஓடிவந்த ஒருவரை நிறுத்தி, ஏன் ஓடுகிறீர்கள் என்று கேட்டாள். “எல்லாரும் ஓடறாங்களேம்மா!” என்று அவர் சொல்லிவிட்டு மறுபடி ஓடினார். அதுவரை வீட்டில் சும்மா டிவி பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துப் பேட்டைக்காரர்கள் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுக் கதவைக்கூடச் சாத்தாமல் கிளம்பினார்கள்.

ஓடியவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்து வீடு பூட்டியிருக்கிறது, எதிர்வீட்டுக்காரர் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார், டிவியில் நம் தெரு வருகிறது. நீங்களும் நானும் மட்டும் காலை நீட்டி உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்போமா? ஏன், நிலையத்துக்குள்ளேயே என்ன நடந்தது? இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் ஒயர் அண்ணன், அந்த அறிவிப்பைக் கண்ணால் படித்தவர், மூலையில் நின்று வீட்டுக்கு போன் போட்டு, “மாடிக்கு ஏறிக்கோ. சும்மா, ஒரு பாதுகாப்புக்குத்தான்” என்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்.

அதைக் கேட்டதும் அக்காவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. எழுந்து ஜன்னலுக்குப் போனாள். ஆற்றைப் பார்த்தாள். தண்ணீர் நேற்றைவிடக் கொஞ்சம் ஏறியிருக்கிறதோ? நிறம்கூடக் கலங்கலாகத் தெரிகிறதே? நம்மிடம் முழுசாகச் சொல்லாமல் மறைத்திருப்பார்களோ? தன் வாயால் சோதனை என்று மூன்று முறை சொன்னவள், தன் சொல்லைத் தானே நம்பாமல் அங்கே நின்றாள். அப்படிப்பட்டதுதான் பயம். அதைக் கொடுத்தவருக்கும் அது ஒரு பங்கு எடுத்து வைத்திருக்கும்.

அப்போதுதான் அவள் பாலத்தில் அதைப் பார்த்தாள்.

கூட்டம் முழுக்க மேட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒரு தலை மட்டும் எதிர்த்திசையில் வந்தது. ஒவ்வொரு அடிக்கும் வலது பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

கண்ணாடிக்காரர்! கடை இருப்பது மேட்டில். உலகமே முழுகினாலும் கடைசியாகத்தான் அங்கே தண்ணீர் ஏறும். அவர் இருந்த இடத்தை விட்டு அசையவே வேண்டியதில்லை. அந்த மனிதர் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, வருகிறவர்கள் எல்லாருடைய தோளிலும் முட்டிக்கொண்டு, வெள்ளம் வரும் என்று எல்லாரும் பயந்த கரைக்கு நேராக வந்துகொண்டிருந்தார்.

அது வண்டிகள் போகாத பழைய பாலம். இடுப்பு உயரம்தான் கம்பி. பாலத்தின் நடுவில் அவர் மாட்டிக்கொண்டார். பின்னாலிருந்து தள்ளியவர்களின் பாரம் முழுக்க முன்னால் இருந்தவர்கள்மேல் விழ, அவர்கள் அவரைக் கம்பியோடு சேர்த்து நெருக்கினார்கள். அவருடைய முதுகு கம்பிக்கு வெளியே வளைந்தது. அவருக்குப் பக்கத்தில் ஒரு பெரியம்மா கீழே உட்கார்ந்துவிட்டாள், எழுந்திருக்க முடியவில்லை. இன்னும் ஒரு தள்ளு தள்ளினால் போதும். கீழே தண்ணீரில் பாறைகள் இருந்தன.

“அம்மா, இன்னொரு தடவை, இன்னும் மெதுவா...” என்று மேலாளர் ஏதோ சொன்னார். அவள் ஒலிப்பதிவு அறைக்குள் பாய்ந்து மைக்கைத் திறந்தாள். சமயோசிதமாகச் செயல்பட்டார் என்று பிறகு பத்திரிகைகளில் எழுதினார்கள். சமயோசிதமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. புருஷன் விழப்போகிறார், அதுதான் தெரிந்தது. வாய் திறந்தபோது வந்தது வீட்டுக்குரல்.

“ஏங்க! கண்ணாடிக்கடைக்காரரே! உங்களைத்தான்! பாலத்து நடுவுல என்ன பண்றீங்க?”

விசிறியை நிறுத்த மறந்துவிட்டார்கள். அதன் கடகட சத்தமும் சேர்ந்து ஊர் முழுக்கக் கேட்டது.

“காலைலேருந்து கால் வலி, கால் வலின்னு என் உயிரை எடுத்தீங்களே, இப்ப என்ன ஓட்டப்பந்தயமா கேக்குது உங்களுக்கு? அந்தக் கம்பியை விட்டு உள்ள வாங்க! கடையைப் பூட்டினீங்களா? பூட்டியிருக்க மாட்டீங்க. எனக்குத் தெரியாதா உங்களை! அத்தனை கண்ணாடியும் தொறந்து போட்டது போட்டபடி கெடக்கும்!”

பாலத்தின் இரண்டு முனையிலும் இருந்த கூம்பு ஸ்பீக்கர்கள் அதை அலறின. கூட்டத்தில் பாதிப்பேர் அண்ணாந்து பார்த்தார்கள். அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு, மைக்கின் ஒயர் எவ்வளவு நீளுமோ அவ்வளவு இழுத்துக்கொண்டு, ஜன்னல் தெரிகிற இடத்துக்கு வந்தாள்.

“யாருங்க அது நீலச் சட்டை! பெரியம்மா கீழ உக்காந்திருக்காங்க, கண்ணு தெரியல? கையைக் குடுத்துத் தூக்கி விடுங்க! பின்னாடி வர்றவங்க நில்லுங்க! நில்லுங்கன்னு சொல்றேனில்ல! தண்ணி வருதுன்னா நான் என்ன பைத்தியமா, ஆத்தங்கரையில உக்காந்து உங்களோட மல்லுக்கட்டிக்கிட்டிருக்க? முதல் ஆளா ஓடியிருக்க மாட்டேனா? நாளைக்குச் சங்கு ஊதுவாங்க, அதைக் கேட்டுட்டு அவங்கவங்க வேலையைப் பாருங்க. இதுக்குப் போய் இவ்வளவு அமர்க்களம்! ஆமா, எல்லாரும் கிளம்பி வந்தீங்களே, வீட்ல அடுப்பை அணைச்சீங்களா?”

பாலம் நின்றுவிட்டது.

முதலில் ஒரு பெண் சிரித்தாள். அடுப்பை அணைக்காமல் வந்தவளாக இருக்கவேண்டும், ஐயையோ என்று தலையில் கை வைத்துக்கொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பு பக்கத்தில் இருந்தவருக்குத் தொற்றியது, அவரிடமிருந்து பின்னால் இருந்தவருக்கு. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பயம் எந்த வழியாக வந்ததோ அதே வழியாக, ஆள் ஆளாகத் தாவித் தாவி, சிரிப்பு தெருவரைக்கும் போனது. அணை உடைந்திருந்தால் எந்தப் பெண்டாட்டியாவது கடையைப் பூட்டினீர்களா என்று கேட்பாளா? அக்கா அத்தனை இதமாக மூன்று முறை எடுத்துச் சொல்லியும் நம்பாத ஊர், அவள் ஒரு முறை திட்டியதும் நம்பிவிட்டது. நீலச் சட்டைக்காரர் பெரியம்மாவைத் தூக்கி நிறுத்தினார். இன்னும் இரண்டு பேர் கண்ணாடிக்காரரின் கையைப் பிடித்துக் கம்பியிலிருந்து உள்ளே இழுத்தார்கள். “போங்கண்ணே, சீக்கிரம் வீட்டுக்குப் போங்க. இன்னைக்கு உங்களுக்குக் கச்சேரி இருக்கு” என்று யாரோ சொல்ல, மறுபடி ஒரு சிரிப்பு எழுந்தது. டிவியில் ‘மக்கள் திரும்புவது ஏன்?’ என்று போட்டார்கள், அதே சிவப்பு எழுத்தில்.

மாடிப்படியில் அந்தக் காலடிச் சத்தம் கேட்டது. ஒன்று அழுத்தமாக, அடுத்தது இழுத்துக்கொண்டு. மேலாளரும் ஒயர் அண்ணனும் ஆளுக்கு ஒரு வேலை கண்டுபிடித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள்.

கண்ணாடிக்காரர் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்து கதவருகில் நின்றார். சட்டைப் பையில் இருந்த மூக்குக்கண்ணாடி நொறுங்கியிருந்தது. ஒரு செருப்பைக் காணவில்லை. அவரை உயிரோடு பார்த்த நிம்மதியில் அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்க அவளுக்குத் தெரிந்தது ஒரே வழிதான்.

“மேட்டுல கடை. கால் மேல கால் போட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான? எதுக்குக் கெளம்பி வந்தீங்க?”

“நீ அப்படிப் பேசினியே” என்றார் அவர்.

“எப்படிப் பேசினேன்? சோதனைன்னு தெளிவாத்தான சொன்னேன்?”

“நீ சொன்னது எதுவும் என் காதுல ஏறல. மூணாவது தடவை சொன்ன பாரு, காதுகிட்ட சொல்ற மாதிரி. என்கிட்ட ஒரே ஒரு தடவைதான் நீ அப்படிப் பேசியிருக்க.”

அக்காவுக்கு எந்தத் தடவை என்று கேட்கத் தோன்றவில்லை. அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, நடக்கத் தொடங்கிய வயதில் காய்ச்சலில் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ஒருவரைத்தான் உள்ளே விட்டார்கள். அவர் வெளியே தாழ்வாரத்தில் சூம்பிய காலோடு ராத்திரி முழுக்க நின்றுகொண்டிருந்தார். விடிந்ததும் அவள் கதவைத் திறந்துகொண்டு வந்து, “ஒண்ணும் பதறாதீங்க. இப்படிக் கொஞ்சம் உக்காருங்க” என்று சொன்னாள். அதற்கப்புறம் அந்த நாளைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை. அன்று தான் எந்தக் குரலில் பேசினோம் என்பதுகூட அவளுக்கு நினைவில்லை. அவருக்கு இருந்திருக்கிறது.

ஆனாலும் அவள் விடாமல் கேட்டாள்.

“நெசமாவே தண்ணி வந்திருந்தா? இந்தக் காலை வெச்சுக்கிட்டு என்னை எப்படிக் காப்பாத்தியிருப்பீங்க?”

“காப்பாத்தறதுக்கு யாரு வந்தா?” என்றார் கண்ணாடிக்காரர். சுவரில் மாட்டியிருந்த மெத்தையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். “அன்னைக்கு நீ தனியா உள்ள இருந்த, நான் வெளியில நின்னேன். இன்னைக்கும் அப்படி ஆகிடக்கூடாதுன்னு வந்தேன்.”

அக்கா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வீங்கத் தொடங்கியிருந்த அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.